கோர்ட்டில் ஒருவர் விழுந்தால்

பாளையங்கோட்டையில் நாங்கள் ஷட்டில் விளையாடும் கிளப் பெரிய இடமெல்லாம் இல்லை. தகரக் கூரை போட்ட ஒரு ஹால், இரண்டு கோர்ட், ஒரு ஆபீஸ் ரூம், பின்பக்கம் பைக் நிறுத்த இடம். காலை ஐந்தேகாலுக்கு வாட்ச்மேன் ஷட்டரைத் தூக்குவார், எட்டு மணி வரை ஆட்டம் நடக்கும், சாயங்காலம் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். மொத்தம் 46 உறுப்பினர்கள். பாதிக்கு மேல் நாற்பதைத் தாண்டியவர்கள், சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை போடுகிறவர்கள், டாக்டர் நடக்கச் சொன்னார், தனியாக நடக்கப் பிடிக்கவில்லை என்று ரேக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். நான் இந்த கிளப்பின் செயலாளர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கோர்ட்டில் ஒருவர் விழுந்து இறந்துபோனார். அன்று நாங்கள் செய்யாமல் விட்டதையும் அதற்கப்புறம் செய்ததையும் எழுதி வைத்தால் வேறு ஒரு கிளப்புக்காவது உதவும் என்று ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அவரை நாங்கள் பேங்க் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வயது 52. டபுள்ஸ், இரண்டாவது செட், 14-11. சர்வீஸ் போட நின்றவர் இறகுப்பந்தைக் கையில் பிடித்தபடியே முன்பக்கமாகச் சாய்ந்தார். யாரும் இடிக்கவில்லை, கால் வழுக்கவில்லை. ஓடிப்போய்த் திருப்பிப் படுக்கவைத்தோம். கையும் காலும் ஒரு சில விநாடி வெட்டி இழுத்தன. "வலிப்பு, வலிப்பு, இரும்பு எடுங்கவே" என்று யாரோ கத்த, ஒருவர் பைக் சாவிக் கொத்தை அவர் கையில் திணித்து விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். ஒரு பையன் சோடா வாங்க ஓடினான். அண்ணாச்சியின் தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. "மூச்சு இருக்கு, பயப்படாதீங்க" என்று எல்லோரையும் சமாதானப்படுத்தியது நான்தான்.

அது மூச்சு இல்லை. இதயம் நின்ற பிறகு சில நிமிஷம் வரை அப்படி ஒரு திணறல் வரும் என்றும், மூளைக்கு ரத்தம் போகாததால் கை கால் வெட்டி இழுக்கும் என்றும், அதைப் பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைத்து நேரத்தை விட்டுவிடுகிறார்கள் என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். விளையாடிக்கொண்டிருக்கும் ஒருவர் யாரும் மோதாமல் தானாக விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரி அன்று எங்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கலாம்.

108-க்குப் பேசியவர் பதற்றத்தில் "பாளையங்கோட்டை, மண்டபத்துக்குப் பின்னால" என்றார். எதிர்முனையில் பேசுகிறவர் சென்னையில் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார், எங்கள் சந்து அவருக்கு எப்படித் தெரியும்? எந்த ரோடு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர் சரியாகத்தான் கேட்டார். எங்கள் ஆளுக்கு ரோட்டின் பெயர் தெரியவில்லை. பதினோரு வருஷமாக தினமும் வருகிற இடம். கடைசியில் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க மனமில்லாமல் ஆறு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஆம்னி வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பின்பக்க கேட் பூட்டியிருந்தது, சாவி வாட்ச்மேன் வீட்டில்.

ஒரு வாரம் கழித்து ஹாலின் சிசிடிவி பதிவை நானும் தலைவரும் உட்கார்ந்து பார்த்தோம். அவர் விழுந்ததிலிருந்து வண்டி கிளம்பும் வரை 7 நிமிஷம் 20 விநாடி. ஹாலில் 19 பேர் இருந்தோம். அந்த ஏழு நிமிஷத்தில் ஒருவர்கூட அவர் மார்பில் கை வைத்து ஒரு தடவை அழுத்தவில்லை. எல்லோரும் ஓடினோம், கத்தினோம், அழுதோம், அவருக்காக எதையும் செய்யத் தயாராக இருந்த 19 பேர், எதைச் செய்வது, யார் செய்வது என்று ஒருவருக்கும் தெரியாமல். அந்தப் பதிவைப் பார்த்த அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. விழுந்த பிறகான முதல் ஐந்து நிமிஷம் ஆம்புலன்ஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ உரியது கிடையாது. அது கிளப்பின் கையில் இருக்கிற நேரம்.

நிறையப் பேர் மாரடைப்பையும் இதயம் நின்றுபோவதையும் ஒன்று என்று நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. ஆள் பேசுவார், வலிக்கிறது என்பார், வியர்க்கும். இதயம் நின்றுபோவது வேறு: பெரும்பாலும் அதன் மின்னோட்டம் குழம்பி, ரத்தத்தை வெளியே தள்ளாமல் வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். மாரடைப்பால் அது வரலாம், வேறு காரணத்தாலும் வரலாம். நாலு நிமிஷத்துக்கு மேல் போனால் மூளை கெட ஆரம்பிக்கும். அந்த நடுக்கத்தை நிறுத்த மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும், அது தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. மார்பை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தக் குறைவு மெதுவாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், எங்கள் ஏழு நிமிஷம் 20 விநாடியில் என்ன மிச்சம் இருந்திருக்கும்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஃபின்லாந்துடனான யூரோ கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்ததை டிவியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவரும் யாரும் மோதாமல்தான் விழுந்தார். கேப்டன் சைமன் கியர் உடனே ஓடிவந்து பார்த்துக்கொண்டார், மருத்துவக் குழு மார்பை அழுத்தியது, மைதானத்திலேயே மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவருக்கு நினைவு திரும்பியிருந்தது. உடலுக்குள் ஒரு கருவி பொருத்திக்கொண்டு 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தில் மறுபடி ஆடப் போய்விட்டார். நம் பக்கத்தில் 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த வேகத்தில் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார், எழுந்திருக்கவில்லை. நாட்டின் பெரிய போட்டி ஒன்றின் இறுதி ஆட்டம் அது. இதெல்லாம் பணம் இருக்கிற பெரிய அணிகளுக்குத்தானே என்று கேட்பவர்களுக்கு நான் வங்கதேச கிரிக்கெட் வீரர் தமீம் இக்பாலைச் சொல்வேன். 2025 மார்ச் 24 அன்று டாக்கா பக்கத்தில் சாவரில் உள்ளூர் லீக் ஆட்டத்துக்கு வந்த இடத்தில் அவருக்கு மாரடைப்பு, இதயமும் நின்றது. கூட இருந்த டிரெய்னர் விடாமல் மார்பை அழுத்தினார், பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார். கூட இருந்த ஒருவருக்குக் கையால் செய்யத் தெரிந்திருந்தது. அதற்குப் பணம் தேவையில்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் தங்கை மயக்க மருந்து டாக்டர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்பு வரை மட்டும் இருக்கிற பிளாஸ்டிக் பொம்மை இரண்டைக் கொண்டுவந்து கோர்ட்டின் நடுவில் போட்டார். பொதுமக்களுக்கென்று இந்தியாவில் மயக்கவியல் டாக்டர்கள் வகுத்திருக்கும் முறையில் வாயோடு வாய் வைத்து ஊதும் வேலையே கிடையாது, அழுத்துவது மட்டும்தான் என்றார் (அதைக் கேட்டதும் பாதிப் பேர் முகத்தில் நிம்மதி தெரிந்தது). ஆளைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு மார்புக்காம்புக்கும் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அதன் மேல் அடுத்த கையைப் பின்னிக்கொண்டு, முழங்கையை மடக்காமல், தோளிலிருந்து எடையை இறக்கி 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு மார்பு முழுசாக மேலே வர விட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. வாரம் ஆறு நாள் ஸ்மாஷ் அடிக்கிற ஆட்களுக்கே இரண்டாவது நிமிஷத்தில் மூச்சு வாங்கியது, ஆழம் குறைந்தது. அதனால்தான் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும், மாறும்போது இடைவெளி விழக்கூடாது.

"விலா எலும்பு முறிஞ்சிட்டா என்ன செய்யம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "முறியலாம் ஐயா. முறிஞ்ச எலும்பு ஒட்டும். நின்ன இதயம் தானா ஓடாது" என்றார் அந்த டாக்டர். அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

அந்த வகுப்போடு நிறுத்தியிருந்தால் மூன்று மாதத்தில் எல்லாம் மறந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். எனக்குத் தெரிந்த ஒரு ஜிம்மில் அப்படித்தான் நடந்தது, பேனர் கட்டி, போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்து, அதோடு சரி. நாங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு ஏழு மணிக்கு ஒத்திகை என்று வைத்தோம். தலைவர் விசில் அடிப்பார், யாராவது ஒருவர் கோர்ட்டில் படுத்துக்கொள்வார், பொம்மையை அவர் பக்கத்தில் போடுவோம், ஸ்டாப்வாட்ச் ஓடும். முதல் ஒத்திகையில் விசிலிலிருந்து முதல் அழுத்தல் வரை 1 நிமிஷம் 50 விநாடி ஆனது, அதுவும் வகுப்பு முடிந்து மூன்றே வாரத்தில். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலில் நாலு பேரின் பெயர் போட்டு வேலை பிரித்தோம், இவர் அழுத்துவார், இவர் போன் செய்வார் என்று. இரண்டாவது ஒத்திகையில் அந்த நாலு பேரில் மூன்று பேர் ஊரிலேயே இல்லை. பெயரைத் தூக்கிவிட்டு இடத்தை வைத்துப் பிரித்தோம். விழுந்தவரோடு அதே கோர்ட்டில் நிற்பவர்கள் அழுத்த ஆரம்பிக்க வேண்டும். பெஞ்சில் வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பவர் 108-க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்க வேண்டும். அவருக்கு அடுத்தவர் சுவரில் மாட்டியிருக்கும் மின்னதிர்ச்சிக் கருவியை எடுத்துவர வேண்டும். அடுத்த கோர்ட்டில் ஆடுகிறவர்களில் ஒருவர் ரோட்டு முனைக்கு ஓடி ஆம்புலன்ஸுக்குக் கை காட்ட வேண்டும், இன்னொருவர் பின் கேட்டைத் திறந்து பைக்குகளை நகர்த்த வேண்டும். கேட் சாவி இப்போது கேட்டின் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. போன் செய்பவர் படிக்க வேண்டிய முகவரி, ரோட்டின் பெயர், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதோடு, பெஞ்சுக்கு மேலே சுவரில் கைநீள எழுத்தில் எழுதியிருக்கிறோம். பதற்றத்தில் இருப்பவருக்குச் சொந்த வீட்டு நம்பர்கூட ஞாபகம் வராது, படிக்க மட்டும் முடியும். ஆறாவது ஒத்திகையில் முதல் அழுத்தல் 20 விநாடிக்குள் வந்துவிட்டது.

காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பற்றி இன்னும் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. ஆம்புலன்ஸ் வரும் வரை எப்படிச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது என்பார்கள். சும்மா பார்க்கச் சொல்லவில்லையே. ஓடும் காரின் சீட்டில் வைத்து யாராலும் ஒழுங்காக அழுத்த முடியாது, தூக்கி ஏற்றி இறக்கும் நேரமெல்லாம் மூளைக்கு ரத்தம் போகாத நேரம். மூச்சு இருந்து, நெஞ்சு வலிக்கிறது என்று பேசுகிறவரை எந்த வேலையும் கொடுக்காமல் உட்காரவைத்து, முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்றால் காரில் கூட்டிப்போங்கள், அவரை ஓட்டவிடாதீர்கள். கண் திறக்காமல், மூச்சும் சீராக இல்லாதவரைத் தரையில் வைத்தே அழுத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த மின்னதிர்ச்சிக் கருவி, அதாவது ஏ.இ.டி., வாங்குவதுதான் பெரிய சண்டையாக இருந்தது. எங்களுக்குச் சொன்ன விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது, எங்கள் கணக்கில் இருந்தது புது லைட்டுக்காகச் சேர்த்த 38 ஆயிரம். வருஷத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்படாத மெஷினுக்கு இவ்வளவா என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொன்னது முன்பு எங்களோடு விளையாடிவிட்டு இப்போது சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு தம்பி. அங்கே வீட்டு வாரியக் குடியிருப்புகளில் லிஃப்ட் பக்கத்திலேயே இந்தக் கருவியைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் யாருக்காவது இதயம் நின்றுவிட்டால் பதிவு செய்த பொதுமக்களின் போனுக்குத் தகவல் வருகிற செயலிகூட இருக்கிறது, அது 2015-லிருந்து ஓடுகிறது என்றான். பேசியதோடு நிற்காமல் பணமும் அனுப்பினான். மீதியை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டோம். லைட் வாங்குவது ஒரு வருஷம் தள்ளிப்போனது.

கருவியைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தால் அதுவே பேசும். மார்பைத் துடைத்துவிட்டு (ஷட்டில் ஆடியவர் உடம்பு வியர்வையில் ஊறியிருக்கும், துடைக்காமல் ஒட்டினால் ஒட்டாது, அதனால் பெட்டிக்குள் ஒரு துண்டும் ஷேவிங் ரேசரும் வைத்திருக்கிறோம்) ஒரு பேடை வலது காறை எலும்புக்குக் கீழும் இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கமும் ஒட்ட வேண்டும். துடிப்பை அதுவே படித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டுமே அதிர்ச்சி கொடுக்கும், தேவையில்லாதவருக்கு நீங்கள் பட்டனை அமுக்கினாலும் கொடுக்காது. அந்த நேரம் யாரும் அவரைத் தொடக்கூடாது. அதிர்ச்சி கொடுத்ததும் உடனே மறுபடி அழுத்த வேண்டும், நிறையப் பேர் அங்கேதான் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

வாங்கிய புதிதில் கருவியை ஆபீஸ் ரூம் பீரோவில் வைத்துப் பூட்டினோம், விலை உயர்ந்த பொருள் என்று. அடுத்த ஒத்திகையில் பீரோ சாவி யாரிடம் என்று தேடவே இரண்டு நிமிஷம் போனது. அன்றே வெளியே எடுத்து, வாசல் பக்கச் சுவரில் பூட்டில்லாத பெட்டியில் மாட்டிவிட்டோம். காணாமல் போனால் போகட்டும் என்று கமிட்டியில் எழுதியே வைத்திருக்கிறோம். வாட்ச்மேன் தினமும் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் பார்ப்பது அதன் பச்சை விளக்கைத்தான்.

சாயங்கால பேட்ச்சில் விளையாடும் ஒரு டீச்சர் ஒத்திகையின்போது கேட்டார், "நாங்க விழுந்தா நீங்கல்லாம் தள்ளித்தானே நிப்பீங்க?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டது உண்மை. பொது இடத்தில் பெண்கள் விழும்போது மார்பை அழுத்த ஆள் முன்வருவது குறைவாகவே இருக்கிறது என்று வெளிநாடுகளில் ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள், நம்மூரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம், கூச்சத்தோடுதான் ஆரம்பித்தோம். அழுத்துவதற்கு உடையைக் கழற்ற வேண்டியதில்லை. பேடை ஒட்ட மட்டும் தோல் தெரிய வேண்டும், அதற்குக் கத்தரிக்கோல் பெட்டிக்குள் இருக்கிறது, ஒரு பெரிய துணியும் இருக்கிறது, மற்றவர்கள் சுற்றிலும் வெளிப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள்தான் தொட வேண்டும், ஆணா பெண்ணா என்று பார்க்கக்கூடாது. பெண் உறுப்பினர்கள் எல்லோரும் சம்மதம் சொன்னார்கள், வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார்கள்.

இன்னொரு பழக்கத்தை மாற்றத்தான் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறேன். நெஞ்சில் ஏதாவது செய்தால் நம் ஆட்களுக்கு அது எப்போதும் கேஸ்தான். ஒரு செட் முடிந்து வந்து உட்கார்ந்து, "லேசா அடைக்கி, கேஸ் போல" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கோர்ட்டுக்குள் போவார்கள். பேங்க் அண்ணாச்சியும் அதற்கு முந்தின வாரம் அப்படிச் சொன்னதாக அவர் பார்ட்னர் பிறகு சொன்னார். இப்போது எங்கள் விதி இதுதான்: ஆட்டத்தின்போது நெஞ்சு, தாடை, இடது கை, மேல்வயிறு எங்கே இறுக்கம் என்றாலும் அன்று ஆட்டம் கிடையாது, தனியாகப் பைக்கில் வீட்டுக்குப் போகவும் கூடாது, ஒருவர் கூடவே போய் ஈசிஜி எடுத்துக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2023-இல் ஆரம்பித்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை, மொத்தம் 14, கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் மைதானத்துக்கு எது பக்கம் என்று இன்றே பார்த்து வையுங்கள்.

நாற்பது தாண்டிய எல்லோரும் வருஷம் ஒரு முறை பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் விதி போட்டோம். நல்லதுதான், ஆனால் ரிப்போர்ட் நன்றாக வந்தவருக்கும் விழ வாய்ப்பு உண்டு, அதனால் பரிசோதனையைக் காட்டி ஒத்திகைக்கு வராமல் இருக்க யாரையும் விடுவதில்லை.

போன ஜனவரி ஒத்திகைக்கு அண்ணாச்சியின் மகன் வந்தான். பிளஸ் டூ படிக்கிறான். கடைசி வரை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "மாமா, அன்னைக்கு அப்பாவுக்கு யாராவது இப்படிச் செஞ்சீங்களா?" என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன். எங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் மண்டி போட்டு உட்கார்ந்து, எப்படிக் கை வைக்க வேண்டும் என்று காட்டச் சொன்னான்.

இப்போது பொம்மை ஒன்று எங்களுக்குச் சொந்தம், கேட்கிறவர்களுக்குக் கொடுத்து அனுப்புகிறோம். போன மாதம் பக்கத்து ஊர்க் கபடிக் குழுப் பையன்கள் கேட்டார்கள், நானும் கூடப் போனேன். எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. "எங்களுக்கெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?" என்றான் ஒருவன். இளவயதில் பிறவியிலேயே இதயத் தசை தடித்திருப்பவர்கள், மின்னோட்டத்தில் கோளாறு இருப்பவர்கள் வெளியே ஒன்றும் தெரியாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள் என்று சொன்னேன். 2023 ஜனவரியில் அமெரிக்கன் ஃபுட்பால் என்கிற முட்டி மோதும் ஆட்டத்தின் வீரர் டமார் ஹாம்லின் 24 வயதில் மார்பில் அடிபட்டு, எழுந்து நின்று, அப்படியே பின்னால் சாய்ந்ததைப் போனில் காட்டினேன். நல்ல இதயம்தான். துடிப்பின் நடுவே ஒரு நுணுக்கமான கணத்தில் அடி விழுந்தால் அப்படி நின்றுவிடும், கிரிக்கெட் பந்துக்கும் கபடியில் படுகிற முட்டிக்கும் அது பொருந்தும். அங்கேயே உடனே அழுத்தி, அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள், அதே வருஷம் மறுபடி ஆடினார் என்றதும் பையன்கள் வரிசையில் வந்து பொம்மையை அழுத்த ஆரம்பித்தார்கள்.

அவர்களுக்குக் கருவி வாங்க வசதி இல்லை. அவர்கள் ஆடுகிற இடத்துக்கு ரோட்டுப் பெயரும் கிடையாது, கம்மாய்க் கரையில் ஒரு பொட்டல். அதனால் 108-க்கு என்ன சொல்வது என்று உட்கார்ந்து யோசித்தார்கள், ஒருவன் ஊராட்சியின் பெயர், தாலுகா எல்லாம் கேட்டு வந்தான், ஒருவன் பைக்கில் மெயின் ரோடு வரை போய் மீட்டர் பார்த்து வந்தான். கடைசியில் ஸ்கோர் எழுதுகிற போர்டின் பின்பக்கம் பெயின்டால் எழுதினார்கள். ஊர்ப் பெயர், தாலுகா, அப்புறம் "மெயின் ரோட்டில் பஸ் ஸ்டாப்பில் இருந்து ஒன்றரை கிலோமீட்டர், தண்ணீர்த் தொட்டி தாண்டி இடது பக்கம், சுடலைமாடன் கோயிலுக்கு எதிரே, பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன் கை காட்டுவான்."